சூடம் அணைக்காத கை

ஓடுகிறேன். முழங்கால் தண்ணீர். காலுக்கடியில் சேறு இழுக்கிறது. பின்னால் 'டம்'. காது அடைத்துவிட்டது. தலைமேல் தண்ணீர் கொட்டுகிறது. அதில் மணல். அதில் சிப்பி.

"கரை ஏறுடி பச்ச! வெடி போடறானுங்க! கரை ஏறு!"

கத்துவது நான்தான். பச்சையம்மா குனிந்திருக்கிறாள். கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருக்கிறாள். அவள் நிமிர்வதற்குள் இரண்டாவது வெடி. திரும்பிப் பார்க்கிறேன். அவள் நின்ற இடத்தில் கலங்கிய தண்ணீர்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள். வெயில் ஏறாத காலை.

பாடுச் சண்டை. ஏரியில் இன்ன நாள் இன்ன ஊர் வலை கட்டலாம் என்ற முறைக்குப் பெயர் பாடு. அன்று எங்கள் முறை. அக்கரைப் படகுகள் வந்துவிட்டன. எங்கள் ஆட்கள் கரையிலிருந்து நாட்டு வெடிகுண்டு எறிந்தார்கள். படகு வரைக்கும் எறிய வக்கில்லை. நடுவில் விழுந்தது. நடுவில் இறால் தடவும் பெண்கள். இரண்டாவது வெடியை எறிந்த கையை நான் பார்த்தேன். என் புருஷன் சேகரின் கை.

மதியத்துக்குள் ஊரில் கதை தயார். ஏழுமலை தண்ணீரில் வெடி போட்டு மீன் பிடித்தானாம். அவன் வெடியே அவன் பொண்டாட்டியைக் கொன்றதாம். ஏழுமலை பச்சையம்மாவின் புருஷன். பிணத்தை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தவன். பழவேற்காட்டிலிருந்து படகில் வந்த போலீஸ் அவனைத்தான் பிடித்துப் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். சோறுகூட அந்தப் பாவப்பட்டவனுடையது.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ஊர் கூடியது. வீட்டுக்கு ஒருவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். 'வெடி ஏழுமலையுடையது.' அப்போதுதான் போலீசிடம் யார் வாயும் மாறாது. ஆடியில் கரகம் எடுப்பவள் நான். அதனால் சூடத்தட்டு என் கையில்.

வருகிறார்கள். உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைக்கிறார்கள். ஒருவன் கரியை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "கூழு ஊத்த ஆரம்பிச்சிட்டாங்களா?" என்கிறான். இன்னொருவன் ஏப்பம் விடுகிறான். ஒவ்வொருவனுக்கும் நான் மறுபடி கொளுத்தினேன். சேகரும் வந்தான். இனி அவனுக்கு மரியாதை போட்டு எழுத மாட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் அணைத்தான்.

சின்ன வயதில் அம்மை போட்டு வேப்பிலையில் கிடந்தேன். பிழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். பிழைக்க வைத்தவள் இந்த அம்மன். இவர்களுக்கு அவள் வெறும் கல் போல. எனக்கு இல்லை. அவள் கண்ணெதிரே நடந்ததை அவளிடமே மாற்றிச் சொல்ல வேண்டுமாம்.

எல்லோரும் முடித்தார்கள். ஊர்த் தலைவர் என்னைப் பார்த்தார்.

"நீதாம்மா பாக்கி. அணை."

பயம்தான். பொய் சொல்லவில்லை, நல்ல பயம்.

"என்னால முடியாதுண்ணா. வெடி நம்மளுது. போட்டது என் ஊட்டுக்காரு. ஆத்தா பாத்துக்கினுதான் இருந்தா. நானும் பாத்தேன்."

"அடிங்கடா அவள!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

முதல் அறை யாருடையது என்று தெரியவில்லை. மயிரைப் பிடித்தார்கள். "கட்டினவன காட்டிக் குடுக்கறியேடி, நீயெல்லாம் பொம்பளயா?" என் ஓரகத்தி முகத்தில் துப்பினாள். வெற்றிலை எச்சில். உதடு கிழிந்தது. தட்டை விடவில்லை. சூடம் தானாக எரிந்து அடங்கும்வரை நின்றேன். அதுவரை ஒருவனும் தட்டைத் தொடவில்லை. அடிக்கத் தைரியம் இருந்தது, அதைத் தட்டிவிட மட்டும் பயம்.

யாரும் படகு தரவில்லை. இறால் தடவுகிறவர்கள் நடக்கும் வழியாக, மார்பளவு தண்ணீரில் நடந்தேன். பழவேற்காட்டில் ஈரப் புடவையோடு போலீசிடம் அதையே சொன்னேன். பின்னால் பொன்னேரி கோர்ட்டிலும் சொன்னேன்.

ஏழுமலை வெளியே வந்தான். சேகர் உள்ளே போனான். பிறகு ஜாமீனில் வந்தான். இப்போது ஊர்ப் பாடு வரும் நாளில் அவனும் வலை கட்டுகிறான். அம்மனுக்குப் புதுச் சூலம் செய்து வைத்தானாம். த்தூ.

போனதைச் சொல்லிவிடுகிறேன். என் வீடு. என் கரகம். அம்மா வீட்டு வாசல். அனுப்பம்பட்டில் ஒற்றை அறையில் கருவாடு விற்றுப் பிழைக்கிறேன். இதெல்லாம் உயிரோடு இருப்பவள் இழந்தது. செத்தது ஒருத்தி. பச்சையம்மா. ஊரே சத்தியம் செய்தது. ஒரு வாயிலும் அவள் பெயர் வரவில்லை.

அவளைத் தூக்கியபோது பறி பல்லில்தான் இருந்தது. ஏழுமலை மெதுவாக எடுத்துக் கரையில் வைத்தான். பாதிப் பறி இறால். அன்று சாயங்காலம் சேகர் அந்தப் பறியோடு வீட்டுக்குள் வந்தான்.

"கொழம்பு வையி" என்றான்.