பண்டசாலை ஈயின் படம்

என் பெயர் இருசம்மாள். வயது நாற்பது இருக்கும். முனியன் மனைவி. தோணிரேவில் குடியிருக்கிறேன். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து, மணலில் காயவைத்து, பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைப் பண்டசாலைக்குக் கொடுத்து வருகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பண்டசாலைக் காவலர் உலகநாதன், என் இறால் கூடையிலிருந்து கிளம்பிய ஈக்கள் அங்கே வேலை செய்பவர்களைக் கடித்து வீங்கவைத்ததாகத் துரையிடம் பிராது கொடுத்தார். அது உறுதியானால் நான் இறால் உலர்த்தும் களத்தை அழித்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். களம் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அதன்பின் இன்று காலை என்னைக் கோட்டைக்கு அழைத்து, துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சகாதேவன் ஐயா காகிதத்தில் தீட்டிய ஓர் ஈயின் படத்தைக் காட்டினார். அது என் உள்ளங்கை அகலம் இருந்தது. "இம்மாம் பெரிய ஈ இருந்தா எங்க கூடையையே தூக்கினு பூடுங்க" என்று சொன்னேன். நான் நடிப்பதாக உலகநாதன் சொன்னார். அதன்பின்புதான், பண்டசாலையில் பிடிபட்ட ஈயைக் கண்ணாடி வைத்துப் பெரிதாகப் பார்த்து வரைந்தது என்று துபாஷி ஐயா விளக்கினார். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அதன்பின் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இறாலில் மொய்க்கும் ஈ நக்கும். இருபது வருஷமாகக் கையால் விரட்டுகிறேன், ஒன்றுகூடக் கடித்ததில்லை. படத்தில் உள்ளதற்கு வாய் முன்னால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆரம்பாக்கத்தில் என் அக்காள் பொன்னியம்மாள் வீட்டு மாட்டின் காலில் இதைப் பார்த்திருக்கிறேன், என்னையும் கடித்திருக்கிறது. "இது மாட்டு ஈ" என்றேன்.

"கோட்டைக்குள்ள ஏது மாடு? கட்டக்கூடாதுன்னு துரை உத்தரவாச்சே" என்று துபாஷி ஐயா கேட்டார். நான் அங்கே மாட்டைப் பார்த்ததில்லை. ஆனால் கூடை இறக்கப் போகும்போதெல்லாம் பண்டசாலைப் பின்னறை வாசலில் புது வைக்கோல் சிந்திக் கிடக்கும். எதற்கு என்று ஒருநாள் கேட்டதற்கு, "உனுக்கு இன்னாத்துக்கு அது?" என்று உலகநாதன் எரிந்து விழுந்தார். அந்த அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். என் களத்தில் கை வைப்பதற்கு முன் அந்த அறையைத் திறந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மாட்டு ஈ என்று நான் சொல்லும்வரை கதவருகில் நின்ற உலகநாதன் இப்போது இங்கே இல்லை. இதை எழுதுகிறவரிடம் அதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் முறை வாசித்தபோது உலகநாதன் போனது அதில் இல்லை. இப்போது இருக்கிறது. இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, உண்மை.

இருசம்மாள் கைக்கீறல்