கிளச்சை மிதிக்கும் கால்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் கதவை அடித்துச் சாத்திப் பார்ப்பார்கள், சேர். அந்தச் சத்தத்தில் அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று இத்தனை வருடம் கார் சேல் நடத்தியும் எனக்கு விளங்கவில்லை. கேதீஸ்வரன் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, குனிந்து காலடியைப் பார்த்தான். பிரேக்கும் எக்ஸலேட்டரும் மட்டும். கிளச் இல்லை. அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்தத்தின் கடைசி வருடங்களில் வயல் வரம்பில் மிதிவெடி. பொய்க்காலால் கிளச் மிதிக்க ஏலாது. பாண்டிருப்பிலிருந்து வயலுக்குப் போக யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார்களா என்று றோட்டோரம் நிற்பான். அப்படி நின்று நின்று வெறுத்துப்போய்த்தான் கல்முனைக்குடியில் மஜீட் காக்காவின் கார் சேலுக்கு, அதாவது என்னிடம், வந்தான்.

"இது ஓட்டோ கியர்தானே காக்கா?"

"ஓட்டோதான் தம்பி."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கிளச் இல்லாத எந்தக் காரும் ஓட்டோதான். ஆனால் அந்தச் சின்னக் காருக்குள் இருந்தது சாதாரண மெனுவல் கியர்ப்பெட்டி. எனக்கு அதை விளங்கப்படுத்தியவர் நிந்தவூர் மெக்கானிக் முகைதீன்பாவா. "இது அசல் ஓட்டோ இல்ல காக்கா. உங்கட காலுக்குப் பதிலா உள்ளுக்க ஒரு மோட்டர் கிளச்ச மிதிக்குது. கியரையும் அதுவே மாத்துது. இப்ப அந்தக் காலுக்குத்தான் வருத்தம்."

கிளச் தேய்ந்திருந்தது, மோட்டரும் களைத்திருந்தது. நல்ல வேகத்தில் ஓடினால் ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்ல உருட்டினால் சூடேறும். சூடேறினால் கியர் தன்பாட்டில் நியூட்ரலுக்கு விழுந்துவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் கத்துமே தவிர கார் நகராது. அவர் ஒரு மெஷினைப் பூட்டி, முன்னுக்கு எரிந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கை அணைத்துத் தந்து, விற்க முந்தி இரண்டையும் கட்டாயம் மாற்றிப்போடுங்கள் என்றார். ஓம் என்றேன். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், அவர் மேல் பிழை இல்லை. இந்த வகைக் கியரே கூடாது என்றும் எழுதிவிடாதீர்கள். பழையதாக வாங்குகிறவன் கிளச்சைப் பார்த்து வாங்கி, நேரத்துக்கு மாற்றினால் நன்றாகத்தான் ஓடும்.

எங்கள் வியாபாரத்தில் ஒரு முறை இருக்கிறது. பொருளில் ஐபு, அதாவது குறை, இருந்தால் விற்கிறவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். மறைத்தால் அந்த வியாபாரத்தில் அல்லாஹ்வின் பறக்கத்தும் அருளும் இல்லை. நானும் சொன்னேன். ஏசி போதாது, பின்கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கும், டிக்கிப் பூட்டு இறுக்கம். சின்ன ஐபுகளைத் தானாகச் சொல்கிறவனிடம் பெரிய ஐபை யாரும் தேடுவதில்லை. "உங்களை நம்பித்தான் காக்கா வந்த நான்," என்றான்.

ஏன் என்று கேட்பீர்கள். காசுக்காக இல்லை.

சுனாமி அன்று கேதீஸ் எங்கள் கடற்கரைக்கு மீன் வாங்க வந்தவன். அப்போது அவனுக்கு இரண்டு காலும் இருந்தது. தண்ணீர் அடித்துக்கொண்டு போனபோது நான் ஒரு மாடி வீட்டின் கம்பியில் தொங்கினேன். என் மனைவி முஸ்பிறா என் மற்றக் கையில் தொங்கினாள். இரண்டு பேரின் பாரத்துக்குக் கம்பியில் என் பிடி வழுக்கத் தொடங்கியது. அவள் பிடித்திருந்த கையை நான் உதறினேன். அவள் விடவில்லை. மறுபடியும் உதறினேன், அவள் பிடி விட்டது. அந்த நேரம் மொட்டை மாடியிலிருந்து ஒரு கை வந்து என்னைப் பிடித்துத் தூக்கியது. அது கேதீஸின் கை. தூக்கிவிட்டு என் முகத்தையே பார்த்தான். அவன் கண் இரண்டும் சிவந்திருந்தது.

முஸ்பிறாவைக் கடல் பறித்துக்கொண்டு போனது என்றுதான் ஊருக்குச் சொன்னேன். என் மகள் ஹஸ்மியா சின்னப்பிள்ளை, அன்று சம்மாந்துறையில் என் மாமியாரோடு இருந்தாள். "எங்கட வாப்பா கடைசி மட்டும் உம்மாட கையை விடல்ல," என்று கூட்டாளிப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். சில பேருக்கு வெட்கம் ஒரு நாளில் வந்து போய்விடும். எனக்கு அது ஒவ்வொரு நாளும் சோற்றோடு சேர்ந்து தொண்டையால் இறங்கியது.

கேதீஸ் ஒருவரிடமும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் என்னைக் கண்டால் நேரே முகம் பார்க்க மாட்டான். என் கையைப் பார்ப்பான். நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வேன். அவன் நல்லவனாக இருந்ததுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது. ஏசியிருந்தால் ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும்.

ஹஸ்மியாவுக்குக் கலியாணம் பேசி முடித்த கிழமைதான் அவன் கார் பார்க்க வந்தது. போகும் நேரம் மெதுவாகச் சொன்னான்.

"காக்கா, பிள்ளை கலியாணம் முடிச்சிப் போக முந்தி அவவோட ஒருக்கா கதைக்கணும். அண்டைக்கு நடந்ததை. இனியும் மனசுக்குள்ள வெச்சிருக்க ஏலா."

"பொறு தம்பி. கலியாணம் முடியட்டும், மறுகா பாப்பம்," என்றேன். பிறகு கேட்டேன், "வயலுக்கும் இந்தக் காரிலதான் போவியா?"

"ஓம் காக்கா. கிட்டங்கியாலதான்."

மாரி மழைக்கு, கிட்டங்கியில் ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாதையான தாம்போதிக்கு மேலால் ஆறு ஓடும். வாகனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துதான் போகும். இது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். விலையை அவன் கேட்டதிலும் குறைத்தேன். சாவியைக் கொடுத்தேன்.

இதோடு நின்றிருந்தால் கவனக்குறைவு என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டு இருந்திருப்பேன். மாரி தொடங்கியதும் அவன் திரும்ப வந்தான். "ஒரு மஞ்சள் லைட் பத்துது காக்கா." காரை விட்டுவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். என்னிடமும் அந்த மெஷின் இருக்கிறது, போட்டு விளக்கை அணைத்தேன்.

"ஈரத்துக்கு அப்படித்தான் பத்தும், பயப்படாத. தண்ணி ஓடுற இடத்தில மட்டும் விரசாப் போகாத. மெல்ல மெல்ல உருட்டிக்கிட்டே போ."

அக்கறையோடு சொன்ன மாதிரித்தான் இருந்தது. சொன்ன எனக்கும் அப்படித்தான் கேட்டது. அவன் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனான்.

பின்னால் உழவு மெஷினில் வந்தவர் உங்களிடம் சொன்னது சரி. நடுத் தாம்போதியில் எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளி, ஆற்றில் மண்டி மிதக்கும் ஆற்றுவாழைச் செடிகளுக்குள் கொண்டுபோனது. பொய்க்காலோடு அவனால் வெளியே வர முடியவில்லை. வெள்ளத்தால் வந்த விபத்து என்று பொலிஸ் புத்தகத்தில் எழுதி நீங்கள் முடித்துவிட்டீர்கள். மரண வீட்டில் வருகிறவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டது நான்தான்.

நேற்றுப் பின்னேரம் அவன் மனைவி யசோதினி என் வீட்டுக்கு வந்தாள். கியரைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்க வரவில்லை. ஹஸ்மியாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"இவர் உங்களிட்ட மன்னிப்புக் கேக்கணும் எண்டு இருந்தவர், பிள்ளை. கேக்காமலே போயிட்டார். அதான் நான் வந்தன்."

ஹஸ்மியா விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்கு அவருக்குக் கண் நிறையச் சேத்துத்தண்ணி. ஒண்டும் தெரியல்லயாம். சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினாராம், உங்கட வாப்பாட கை அகப்பட்டிச்சாம். மறுகா கண்ணைத் துடைச்சிப் பாத்தா உம்மா இல்லயாம். மத்தக் கையையும் நீட்டியிருந்தா அவவும் அகப்பட்டிருப்பா எண்டு சொல்லிச் சொல்லி அழுவார். காக்காட முகத்தைப் பாக்கவே வெட்கமா இரிக்கு எண்டுவார்."

ஹஸ்மியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். நானும் அழுகிறேன் என்று நினைத்து யசோதினி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

நான் அழவில்லை, சேர். நான் கை உதறியதைக் கேதீஸ் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு குற்றமும் இல்லாதவனைக் கொன்றுவிட்டேனே என்பது அந்த நேரம் என் மனதில் வரவே இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.