படகின் அடியில் வெட்டிய சதுரம்

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் பக்கத்தில் எழுதியிருப்பவைதான். வயது நாற்பத்து நான்கு. நானும் என் கணவரும் ஆற்றின் இரு கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் ஃபைபர் படகு ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறோம். படகுத்துறையை ஒட்டிப் பட்டறை வைத்துப் படகு பழுதுபார்ப்பவரை நேற்று முதல் இந்தக் காவல் நிலையத்தில் பிடித்து வைத்திருப்பதாக, இன்று காலை ஆஸ்பத்திரியில் என் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்துப் பேசுகிற வாய் என்னுடையது இல்லை என்பது படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அவரை நாங்கள் ஸ்கேல்காரர் என்றுதான் கூப்பிடுவோம். எதை வெட்டினாலும் முதலில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் வெட்டுவார். ரொட்டியைக்கூட அளந்துதான் பிய்ப்பார் என்று நானே கேலி செய்திருக்கிறேன். போன வருடம் எங்கள் படகின் அடிப்பாகத்தைச் சரிசெய்தபோது நான்கு நாள் வேலையைப் பன்னிரண்டு நாள் இழுத்தார். அதற்காகப் பட்டறை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நாங்களும் அவரும் கூட்டுச் சேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனியை ஏமாற்றப் பார்த்தோம் என்று கம்பெனி கொடுத்த புகாரில் எழுதியிருப்பது இதனாலேயே நடக்காத காரியம்.

இம்மாதம் நான்காம் தேதி காலை பத்து மணிக்கு மேல், அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் படகை நான் தனியாக ஓட்டி வந்தேன். துறைக்குச் சற்று முன்னால் தண்ணீருக்குள் மறைந்திருந்த பழைய தூண் ஒன்றில் மோதிப் படகின் முன்பக்கம் கிழிந்தது. அதன் பிறகு, ஓட்டையில் திணிக்க ஏதாவது கிடைக்குமா என்று கீழே சாமான் அறைக்குள் இறங்கினேன். அதற்குள் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறிப் படகு அப்படியே கவிழ்ந்தது. பெஞ்சுகள் சரிந்து அறைக் கதவை அடைத்துக்கொண்டன. தலைகீழான படகுக்குள் எனக்குக் கழுத்தளவு தண்ணீரும் அதற்கு மேல் ஒரு முழம் காற்றும்தான் இருந்தன. கையில் ஒரு ஸ்பேனர் தட்டுப்பட்டது. அதை வைத்துத் தலைக்கு மேலே இருந்த அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு வெளியே நடந்தது என் கணவர் சொல்லித் தெரியும். அவர் இரண்டு முறை முங்கிப் பார்த்தும் கதவைத் திறக்க முடியாமல், யாரிடமோ கோடாலியை வாங்கிக்கொண்டு கவிழ்ந்த படகின் மேல் ஏறியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துத் தடுத்தவர் ஸ்கேல்காரர். "அண்ணே, உள்ள இருக்கிற காத்துதான் தண்ணியத் தள்ளி வச்சிருக்கு. சின்னதா ஓட்டை விழுந்தா காத்து போயிரும், தண்ணி ஏறிரும். அக்கா வெளிய வர்ற அளவுக்கு ஒரே அடியில தொறக்கணும்" என்றிருக்கிறார். என் கணவர் அவரைக் கண்டபடி திட்டியிருக்கிறார். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்திருக்கிறார்.

ஸ்கேலை வைத்துப் பென்சிலை இழுக்கும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. வந்திருப்பது யார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. "சாகப்போற நேரத்துலயும் கோடு போடுறியா, பாவி மனுஷா!" என்று கத்தினேன். அவர், "பொறுங்கக்கா. குறுக்குச் சட்டத்துல ரம்பம் பட்டா மாட்டிக்கும். சட்டம் எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க எங்க இருக்கீங்கன்னுதான் தெரியல. மூணு மூணா தட்டுங்க" என்றார். தட்டினேன். அதன் பிறகு என்னைப் பின்பக்கம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, நான் தட்டிய இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும், உள்ளே துளைத்துவிடாமல், ஒரு நூல் கனம் மிச்சம் வைத்துக் கைரம்பத்தால் அறுத்தார். தண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை. இப்போது நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அப்போது நான் திட்டாத திட்டு இல்லை. அதன் பிறகு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். சதுரம் முழுதாக உள்ளே விழுந்தது, வெளிச்சம் வந்தது, என் கணவரின் கை வந்தது. கையில் பிடித்திருந்த ஸ்பேனரோடு என்னை மேலே இழுத்துப்போட்ட சிறிது நேரத்தில் படகு மூழ்கியது.

மறுநாள் என் கணவர் இன்சூரன்ஸ் படிவத்தை எழுதிக் கொடுத்தார். சேதம் எப்படி ஏற்பட்டது என்ற கட்டத்தில், தூணில் மோதி முன்பக்கமும் அடிப்பாகமும் ஓட்டை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கட்டத்தில் அவ்வளவுதான் இடம் இருந்ததாம். அன்றைக்கு அவருக்கு மூளையும் ஓடவில்லை. அதன் பிறகு படகைத் தூக்கிக் கரையில் வைத்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்துவிட்டு, "தூண் ஸ்கேல் வச்சா வெட்டும்?" என்று கேட்டிருக்கிறார். என் கணவர் அப்போது ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்ததால் பதில் சொல்ல ஆள் இல்லை. சர்வேயர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஓரத்தில் பென்சில் கோடு தெரியும் ஓட்டையைப் பார்த்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அதன் பிறகு பட்டறையைச் சோதித்து, படகைத் தூக்கியபோது உள்ளே கிடந்ததை அவர் எடுத்துச் சாக்கில் சுற்றி வைத்திருந்த சதுரத் துண்டைக் கைப்பற்றியிருக்கிறார்கள். இதை வெட்டியது யார் என்று கேட்டதற்கு அவர், "நான்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் வெட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்ல மாட்டார். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் வரும்வரை அந்தத் துண்டின் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டபடி, சற்று முன் என் முன்னிலையில் அதைத் திருப்பிப் பார்த்தார்கள். உள்பக்கத்தில் மூன்று மூன்றாக ஸ்பேனர் பட்ட வடுக்கள் இருந்தன. கொண்டுவந்திருந்த ஸ்பேனரை வைத்துக் காட்டினேன், பொருந்தியது. வெட்டியபோது உள்ளே நான் இருந்தேன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

விசாரணை முடிந்ததும் அந்தத் துண்டை எங்களிடம் தர வேண்டும். அதையே மறுபடி பதித்துப் படகை மூடத்தான் அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இந்த முறை பன்னிரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும், வாசலில் நின்று கத்த மாட்டேன். உள்பக்கத்து வடுக்களை மட்டும் தேய்த்து எடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவர் வெளியே வர வேண்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது இதுதான், நடந்ததும் இதுதான். தட்டித் தட்டி வீங்கிய வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் கையெழுத்திடுகிறேன்.