பாங்கு சொன்னதும் குடித்த தண்ணீர்

தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்கு மூக்கு செத்துவிடும் என்பார்கள். எனக்கு அப்படியில்லை, எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தெருவில் மல்லிகைக் கூடை போனால் இன்றும் வாசம் தெரியும்.

பேகம்பூரில் ஒரு ஷாப்பில் நான் மேஸ்திரி. பெயர் சௌகத் அலி. ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரையில் தோல் ஊறவைக்கத் தண்ணீரில்லை. கழிவுத் தண்ணீரையே திருப்பி எடுக்க நான்தான் தொட்டி கட்டினேன். அடியில் கூழாங்கல், அதன்மேல் மரக்கரி, ஆற்றுமணல். சாக்கடையாக உள்ளே போனது கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. கர்வமாகத்தான் இருந்தது. மிஞ்சியதை வாய்க்காலில் விட்டோம்.

வாய்க்காலை ஒட்டி அய்யம்மாளின் கத்தரித் தோட்டம். கிணறு கசக்கிறது என்று அவள் ஊர்க்காரர்களோடு வந்தாள். ஷாப்பை மூடச் சொன்னார்கள். மூடினால் எங்கள் தெருவே பட்டினி. என் தொட்டியையா குறை சொல்கிறார்கள் என்ற கோபமும் இருந்தது, மறைக்கவில்லை.

மணல் அழுக்கைப் பிடிக்கும். முடி கழட்டச் சுண்ணாம்பில் கலக்கிற பாஷாணத்தைப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். எங்கள் வண்டிமாட்டை அந்தத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டேன்.

ரம்ஜான் மாதம். சாயங்காலம் வரச் சொன்னேன். பாங்கு சொன்னதும், தொட்டித் தண்ணீர் என்று சொல்லி, எல்லார் எதிரிலும் ஒரு சொம்பு குடித்து நோன்பு திறந்தேன். அது என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

"நோம்பு தொறக்குற தண்ணியில பாய் பொய் சொல்லுவாரா? வாங்கப்பா, போவோம்" என்றாள் அய்யம்மாள். உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் கஞ்சியும் குடித்தேன்.

பெருநாளுக்கு முன்பே, காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்த அவள் மகள் முத்துப்பேச்சி வாந்தி, வயிற்றுப்போக்கில் இறந்தாள். துட்டி கேட்கப் போனேன்.

"தண்ணிதான் காரணம்னு செலபேரு சொல்றாக, நான் நம்பல. நீங்களும் அதத்தான குடிச்சீக பாய். ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாருக்கேன்மா" என்றேன்.

வெயிலில் வந்தவர் என்று மோர் கொண்டுவந்தாள். கசக்கிற அந்தத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தது. நோன்பும்மா என்று திருப்பிக் கொடுத்தேன். வீணாக்குவானேன் என்று அதை முத்துப்பேச்சியின் சின்னப் பெண்ணுக்குக் குடிக்கக் கொடுத்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளையும் இப்போது இல்லை.

வெட்கமாக இருக்கிறது, ஐயா. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நோன்பு என்று நான் சொன்னது பொய்யில்லை.