அழகர் நாளில் ஆலைக்குள் இருந்தவர்

காலம் தவறாத கடமையாளரே! கடிகாரமும் கண்டு கைகட்டும் கண்ணியரே! முப்பத்தோராண்டு முதல் சங்குக்கு முன்னே வந்து, கடைசிச் சங்குக்குப் பின்னே சென்ற கோரிப்பாளையத்துக் கொடையே! எங்கள் வருகையை மஸ்டரில் எழுதி வாழ்வை வரிசைப்படுத்திய டைம்கீப்பர் யூனுஸ் சாயபு அவர்களே! வணக்கமும் சலாமும் சேர்த்தே வைக்கிறோம்.

பிரிவுபசார மடல் என்றால் 'தாங்கள்', 'தங்கள்' என்றே தொடர்வது முறை. ஆனால் தங்களைப் பற்றித் தங்களிடமே சொன்னால், "அது செவ்வாக்கிழம இல்லப்பா, புதன்" என்று நடுவில் எழுந்து திருத்துவீர்கள். ஆகையால் இனிச் சபையைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் மாலையோடு சும்மா உட்கார்ந்திருங்கள்.

சபையோரே! இவருடைய நற்குணங்களை அடுக்கப் புகுந்தால் சாப்பாட்டு மணி தாண்டிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறோம். முழுநாள், அரைநாள் எழுதுவதில் இவர் கை தவறியது ஒரே ஒரு தடவை. அதுவும் நம் ஆலையில் அல்ல, அமெரிக்காவில். அந்தத் தவறைப் பாராட்டத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஆலையில் ஹார்லன் துரை என்றொரு அமெரிக்க எஞ்சினியர் இருந்தார். காலால் உதைக்க வேண்டிய பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் ஒன்று அவர் நாட்டில் உண்டு. பந்தோ உரிக்காத தேங்காய் வடிவம். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஊருக்கு ஊர் அணி கட்டி, அதற்கொரு சங்கமும் வைத்து ஐந்தாறு வருஷமே ஆகியிருந்தது. துரையின் தம்பி சொந்த ஊர் அணியில் ஆடினார். துரைக்குக் கப்பலில் மாதம் பிந்தி வரும் பத்திரிகைக் கட்டைப் பிரிப்பதும், சாப்பாட்டு வேளையில் எங்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வதும் நம் யூனுஸ் சாயபு பொறுப்பு. ஆட்டம் எங்களுக்கு விளங்கவில்லை. சம்பளம் மட்டும் விளங்கியது.

"தேங்காயத் தூக்கிட்டு ஓடுறதுக்குச் சம்பளமா? அங்கிட்டு மஸ்டரு யாருண்ணே எடுக்குறாக?" என்று கேட்டார் நூல் சுற்றும் பகுதி ஒச்சாயி.

அந்த ஒச்சாயிக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மகனுக்கு முடியிறக்குவதாக நேர்ந்திருந்தார். அன்றைக்கும் ஆலை ஓடியதால் இரண்டு சித்திரை வீணாகி, பையன் தலையில் சடை பின்னும் அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. அவருக்கு மட்டுமா, எங்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது. துரை ஒரு நாள் குஷியில், தம் ஊர் அணி முதலிடம் பிடித்தால் அழகர் நாள் விடுமுறை என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று முதல் சமயநல்லூரிலிருந்து நடந்து வருகிறவர்கள்கூட அமெரிக்கத் தேங்காய்க்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

தை மாதப் பத்திரிகைக் கட்டில் கடைசி ஆட்டமும் வந்து சேர்ந்தது. துரை ஊருக்கு ஆறு வெற்றி, ஒரு தோல்வி, நான்கு சமன். எதிரி ஊருக்கு ஒன்பது வெற்றி, இரண்டு தோல்வி. ஆடியதில் நூற்றுக்கு எத்தனை வெற்றி என்று பார்த்தே முதலிடம். சமனை எப்படிப் பார்ப்பது என்று பத்திரிகையில் போடவில்லை. இவர் தமக்குத் தெரிந்த வழியில் பார்த்தார். வென்றால் முழுநாள். தோற்றால் வராத நாள். சமன் என்றால் அரைநாள். சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்கு வேறென்ன கணக்கு? சுற்றி நின்ற நாங்களும், "அதானே!" என்று தலையாட்டினோம். பதினொரு நாளில் துரை ஊருக்கு எட்டு, எதிரி ஊருக்கு ஒன்பது. போச்சு, லீவு போச்சு!

தாம் ஆடிய காலத்தில் விதியே கிடையாது, யூனுஸ் சொன்னால் சரிதான் என்று துரையும் ஒதுங்கிக்கொண்டார்.

தலையாட்டியதை மறந்து எல்லோரும் இவர்மேல் பாய்ந்தோம். ஸ்பின்னிங் பகுதியில் வெள்ளைத்துரை என்று பெயர் வைத்த நம்மூர் ஆள் ஒருவன் சொன்னதுதான் மகா கேவலம்.

"ஒங்க பெருநாளா இருந்திருந்தா அரைநாளு முழுநாளாயிருக்கும்ல?"

இவர் மஸ்டரை மூடிவிட்டு எழுந்து போனார். வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தள்ளிவைத்ததை, இவர் வீட்டம்மா லத்தீபா பின்னாளில் சொல்லித்தான் அறிந்தோம்.

"கணக்கத் தப்பாப் போட்டீகளா?"

"இல்ல."

"அப்பச் சோத்துமேல என்ன கோவம்?"

"ஒரு பொய் சொல்லியிருந்தா லீவு கெடச்சிருக்கும் லத்தீபா. அம்புட்டுப் பேரு மொகமும் கண்ணுக்குள்ளயே நிக்கிது."

அழகர் நாளுக்கு நான்கு நாள் இருக்கையில் இன்னொரு கட்டு வந்தது. சங்கம் கூடி முடிவு சொல்லியிருந்தது: சமன் ஆட்டம் கணக்கிலேயே சேராது, ஆடாத மாதிரிதான். அப்படிப் பார்த்தால் துரை ஊருக்கு ஏழில் ஆறு. அது பதினொன்றில் ஒன்பதைவிட மேல். துரை ஊரே முதலிடம்.

கட்டைப் பிரித்தவர் இவர் ஒருவர்தான். பேசாமல் மடித்து வைத்திருந்தால், தப்பே போடாத கை என்ற பெயர் அப்படியே நின்றிருக்கும். இவரோ வாசல் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்: "நான் போட்ட கணக்கு தப்பு. துரை ஊர்தான் முதல். யூனுஸ்."

துரை சிரித்தார்; பிறகு தலையைச் சொறிந்தார். ஆலையை அடியோடு மூடினால் முதலாளிமார் விடமாட்டார்கள். மஸ்டரில் ஒரு பெயராவது இருந்தால் மூடியதாகாது. யார் இருப்பது என்று கேட்டார்.

"தப்பு என்னோடது தொரை. நான் இருக்கேன்."

ஒச்சாயி அந்தச் சித்திரையில் மகனுக்கு முடியிறக்கினார். விடுமுறை நிலைத்தது, கூடவே அந்த நிபந்தனையும் நிலைத்தது. துரை கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார். இவர் மட்டும் இருபத்திரண்டு அழகர் நாளும், ஆளில்லாத ஆலையில், மஸ்டரில் தம் பெயர் ஒன்றை எழுதிவிட்டுத் தன்னந்தனியே உட்கார்ந்திருந்தார்.

அதே நாளில் ஊரே இவர் வீட்டு வாசல் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். லத்தீபா அம்மாள் பானை பானையாக நீர்மோர் ஊற்றுவார், தனியாக. எங்களில் அதை வாங்கிக் குடிக்காதவர் கிடையாது. குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே எங்க, ஆளக் காணோம்?" என்று கேட்டவர்களும் உண்டு. வெட்கக்கேடு!

அண்ணே! இனித் தங்களிடமே பேசுகிறோம். நோய் நொடி அண்டாமல், சங்குச் சத்தத்துக்கு எழாமல் உறங்கி, நூறு சித்திரை காண்பீர்களாக! வருகிற அழகர் நாளில் தங்கள் நாற்காலியில் உட்காரப் பதினான்கு பேர் கேட்டார்கள், ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அன்று ஆலைக்குள் இருக்கப்போகிறவன், இம்மடலை எழுதி வாசிக்கும் நான். பெருநாளைச் சொல்லி அன்றைக்குத் தங்களைக் குத்திப் பேசிய வெள்ளைத்துரை நான்தான். சொன்னது தப்பு, அண்ணே. இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. தாங்கள் மூன்றே மாதத்தில் பலகையில் எழுதிவிட்டீர்கள்.

மற்ற எல்லோரும் தங்கள் வாசலில் வரிசையில் நிற்பார்கள். இந்த வருஷம் மோரைத் தாங்கள்தான் ஊற்ற வேண்டும். எனக்கும் ஒரு சொம்பு எடுத்து வையுங்க. பொழுதடையிறப்ப வாரேன்.

ஆலைத் தொழிலாளர் அனைவர் சார்பிலும்,
வெள்ளைத்துரை, ஸ்பின்னிங் மேஸ்திரி
மதுரை, பங்குனி, 1948