லாரிக்கு ஒரு மருந்துச் சீட்டு

டாக்டர், உங்கள் படிவத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று கோடுகள்தான் விட்டிருக்கிறீர்கள். ‘நோயாளியுடன் வசிப்பவர், கடந்த ஆறு மாதத்தில் கவனித்த மறதிகளை எழுதவும்.’ முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு மூன்று கோடு எந்த மூலைக்கு? நர்ஸிடம் கூடுதல் தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரை ஸ்கேன் அறைக்குள் அழைத்துப் போயிருக்கிறார்கள், முக்கால் மணி நேரம் ஆகுமாம். என் கையெழுத்தைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருடம் பாட்டில்களுக்கு லேபிள் எழுதியவள் நான்.

முதலில் நல்ல செய்தி. என் கணவருக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் ஞாபகசக்தியையும் என்னுடையதையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் அவருடையது ஒரு பிடி கூடத்தான் இருக்கும். ஸ்கேன் சுத்தமாக வரும். வந்ததும் நீங்கள் குழம்புவீர்களே என்றுதான் எழுதுகிறேன்.

அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நாற்பதாயிரம் சாமான், எது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டிலும் அப்படித்தான். என் மூக்குக்கண்ணாடி எங்கே என்று எனக்குச் சொல்வதும் அவர்தான், அது என் மூக்கின் மேலேயே இருக்கும்போதுகூட.

அவருக்கு இரண்டு வருடம் முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த இரண்டு வருடத்தைச் சொர்க்கம் என்று சொன்னால் சொர்க்கம் கோபித்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு அவர் கிளம்பியதும் வீடு முழுக்க என்னுடையது. பத்து மணிக்குத் தூங்கினேன், ஒரு மணிக்குக் குளித்தேன், உப்பு டப்பாவில் சர்க்கரையைப் போட்டு வைத்தேன். ஏன் என்று கேட்க ஆளில்லை.

பிறகு அவரும் ஓய்வு பெற்றார். முதல் வாரமே சமையலறைக்குள் நுழைந்தார். டப்பாக்களுக்கு எண் போட்டார். முதலில் வந்த வெங்காயம்தான் முதலில் செலவாக வேண்டும் என்று கூடையைக் கவிழ்த்து அடுக்கினார். மூன்றாவது வாரம் நான் ஒரு கரண்டியை எடுத்தேன்.

“எதுக்கு எடுத்த?”

“கிளறத்தாங்க. வேற எதுக்கு?”

“சரி, அதுல எழுதிட்டு எடு. திருப்பி வைக்கும்போது நேரம் போடணும்.”

திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது, கயிறு கட்டிய பேனாவோடு.

அன்று மாலையே நான் லாரி தேடக் கிளம்பிவிட்டேன்.

ஒரு மரக்கடையின் பின்பக்கம் கிடைத்தது. சக்கரம் கிடையாது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. துரு என்றால் சாதாரணத் துரு இல்லை, பக்கத்தில் நின்று தும்மினால் கதவு உதிரும். அதைச் சுரண்டி எடுத்து உருக்கினால் இன்னொரு லாரி செய்யலாம், மிச்சத்தில் ஒரு சைக்கிளும் வரும். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரு மனிதர் சாகும்வரை முடிக்க முடியாத வேலை என்று நினைத்தேன். பின்வாசலில் கொண்டுவந்து இறக்கி, ஓய்வுப் பரிசு என்றேன். தெருவே என்னைப் புகழ்ந்தது. அவருடைய சிநேகிதர் ஒருவர் உண்டு, பழைய லாரி டிரைவர், மீசை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்து கண்கலங்கினார்.

“தங்கச்சி, என் வீட்டுக்காரி எனக்கு ஒரு சைக்கிள் பெல்லுகூட வாங்கித் தந்ததில்ல.”

அடுத்த மூன்று வருடம் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். அவர் காலையில் லாரிக்கு அடியில் போனால் மாலையில்தான் வெளியே வருவார். சுவரில் ஒரு பலகை மாட்டி, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே அதைத் தொங்கவிட்டார். முடிந்த வேலையை எல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதினார். சாப்பிடும்போது எனக்கு எஞ்சின் பாடம் நடத்தினார். நான் ஊம் கொட்டினேன். என் கணிப்பில் பிழை எங்கே என்றால், அவர் கெட்டிக்காரர் என்பதை மறந்துவிட்டேன்.

போன வருடம் ஒரு காலையில் லாரி உறுமியது. ஜன்னல்கள் ஆடின, எதிர்வீட்டுக்காரர் பூகம்பம் என்று பனியனோடு தெருவுக்கு ஓடி வந்தார். என் கணவர் முகமெல்லாம் கரியோடு உள்ளே வந்தார்.

“இன்னும் ரெண்டே மாசம்தான். பெயிண்ட் அடிச்சா வேலை முடிஞ்சுது. அப்புறம் முழு நேரமும் உன்கூடத்தான். இந்தச் சமையலறையை ஒரு வழி பண்ணிடலாம்.”

“பண்ணிடலாங்க” என்றேன்.

மதியம் அவர் குட்டித்தூக்கம் போட்டதும் நான் பின்வாசலுக்குப் போனேன். டீசல் குழாயில் ஒரு நட்டு இருக்கிறது. அதை அரைச் சுற்று தளர்த்தினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

நான் எதையும் உடைத்ததில்லை, டாக்டர், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றுவதோடு சரி. பிரேக் பக்கம் போனதே இல்லை, நான் என்ன கொலைகாரியா? ஒரு நாள் ஒரு நட்டு, ஒரு நாள் பேட்டரி வயர். பலகையில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் தொங்கும் இடத்தில் பதிமூன்றை மாட்டுவேன், அவ்வளவுதான். வேறு ஒருவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். அவர் அந்தப் பலகைக்கு எதிரே கால் மணி நேரம் அப்படியே நின்றார்.

“இதை நான்தான் மாத்தி மாட்டினேனா?”

“வேற யாருங்க அங்க வராங்க?”

“நேத்து அந்த நட்டை இறுக்கினேன்னு நோட்டுல எழுதியிருக்கேன். இன்னிக்குப் பாத்தா லூசா இருக்கு.”

“வண்டியைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்?”

நோட்டை அவர் நம்பும்வரை சிக்கல்தான். அதனால் நோட்டிலும் கொஞ்சம் எழுத வேண்டி வந்தது. ‘மறுபடி இறுக்கவும்.’ ‘நேற்றும் மறந்துவிட்டேன்.’ அவருடைய கையெழுத்து சுலபம், எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாயும். தான் எழுதாததைத் தன் கையெழுத்திலேயே படித்த அன்று அவர் சாப்பிட வரவில்லை. நான் தட்டை லாரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கும் மனசு இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. மீதியை அவரே பார்த்துக்கொண்டார். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் நான்கு தடவை இழுத்துப் பார்த்தார். ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினார். மீசையோடு சீட்டாடப் போவதை நிறுத்தினார், எந்தச் சீட்டு இறங்கியது என்று மறந்து மானம் போய்விடுமாம். எங்கள் மகள் போனில் கூப்பிட்டால் என்னிடம் நீட்டிவிடுவார். ஒரு நாள் வீட்டுச் சாவிக் கொத்தை என் கையில் வைத்தார்.

“இனிமே நீயே வச்சுக்கம்மா. என்னை நம்ப முடியல.”

முப்பத்தெட்டு வருடமாக எது எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு டம்ளரை எடுப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கிறார். அடுப்பங்கரை நோட்டு எங்கே போனது என்றுகூட அவர் கேட்கவில்லை. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது தெரியுமா.

வில்லங்கம் போன வாரம் வந்தது. பழைய வண்டிகளில் ஆசை உள்ளவர் என்று நம்பி மீசை ஒரு ஆளைக் கூட்டி வந்தார். புதிதாக ஓட்டல் கட்டுகிறவராம், பழைய லாரி ஒன்றை வாசலில் நிறுத்திப் பூந்தொட்டி வைக்க வேண்டுமாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்றார். மீசை பல்லைக் கடித்தார்.

“டேய், இன்னும் ஒரு மாச வேலைடா. நான் வந்து கூட நிக்கறேன். இதைப் போய்ப் பூந்தொட்டிக்குக் கொடுப்பியா?”

“என் மண்டையிலயே எல்லா நட்டும் கழண்டு கிடக்கு. இதுல வண்டியை எங்கடா பூட்டறது? எடுத்துக்கட்டும்” என்றார் என் கணவர்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அடுப்படியில ஒரு நாற்காலி போட்டுடும்மா. உன் கண்ணு முன்னாடியே உக்காந்துக்கறேன். எனக்கும் பயமில்ல, உனக்கும் கவலையில்ல.”

ஞாயிற்றுக்கிழமை கிரேன் வருகிறது. அதற்குள் நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் சீட்டில், உங்கள் கையெழுத்தில், கை வேலை மூளைக்கு நல்லது, தினமும் எட்டு மணி நேரம் லாரி வேலை, விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். நான் சொன்னால் அவர் விற்காமல் இருப்பார்தான். ஆனால் லாரிக்கு அடியில் போவதற்கு இப்போது பயப்படுகிறார், அதற்கு டாக்டர் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுப்பதானால் சத்து மாத்திரையாகக் கொடுங்கள், நானே எண்ணிக் கொடுத்துக்கொள்கிறேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது, இரண்டு முறை. ஒரு முறை அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதபோது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பாவம், இந்த வயதில் மனைவியையும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இதோ, அவரைக் கூட்டி வருகிறார்கள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறார், அது நான் செய்ததில்லை. ஒவ்வொரு நாற்காலியாகத் தேடுகிறார். சந்தையில் தொலைந்த குழந்தை மாதிரி ஆள் மாற்றி ஆள் பார்க்கிறார். நான் உடனே கையை உயர்த்தவில்லை, ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும், டாக்டர். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. இதைப் போயா குணப்படுத்துவீர்கள்?