லண்டனுக்குப் போன சலம்

வினிபிரட்: இல்லை, ஏரம்பு அண்ணை. லண்டனிலை இருக்கிற மெசின் பிழை விடாது. பதினேழாம் நம்பர் போத்தல் உங்கடைதான்.

ஏரம்பு: கரவெட்டி ஊரான்ரை மூத்திரம் லண்டன் பாத்திட்டுது... எனக்குப் பாஸ்போட்டும் இல்லை. கேட்டியே, தங்கமுத்து?

தங்கமுத்து: உங்களைக் கட்டி நான் கொழும்பே பாக்கேல்லை. பிள்ளை, தேத்தண்ணியைக் குடியுங்கோ. கம்பஸிலை உதுவோ படிப்பு, ஆம்பிளையளின்ரை சலம் சேக்கிறது?

வினிபிரட்: பகிடி விடாதேங்கோ அக்கா. முப்பது தோட்டக்காரரிட்டை வாங்கினனாங்கள். புல்லுச் சாக அடிக்கிற மருந்து உடம்புக்குள்ளை போகுதோ எண்டு பாக்க.

ஏரம்பு: அந்த மெசின் என்ன, மூக்காலை மணந்து பாக்கிறதோ?

வினிபிரட்: நிறுக்கிறது. சலத்திலை கிடக்கிறதைப் பிரிச்சு, சுக்குநூறா உடைச்சு, ஒவ்வொரு துண்டா நிறுக்கும். புல்லு மருந்தின்ரை துண்டுகளுக்கு எண்டு ஒரு நிறை இருக்கு. துளியிலும் துளி இருந்தாலும் பிடிச்சுப்போடும்.

ஏரம்பு: சங்கக்கடைத் தராசைவிடத் திறம் எண்டுறீர்.

வினிபிரட்: முப்பது பேரிலையும் உங்கடையிலைதான் மருந்து ஆகக் கூட. வெறும் கையோடையோ அண்ணை மருந்து அடிக்கிறியள்?

ஏரம்பு: நான் எங்கை அடிக்கிறது? கிணத்துக்கட்டாலை விழுந்து இடுப்பு நாரி போய் எட்டு மாசம். மருந்துத் தாங்கியைத் தூக்கேலாது. புல்லெல்லாம் இவள்தான் கையாலை புடுங்கிறாள்.

வினிபிரட்: அப்ப... ‘நான்தான் அடிக்கிறனான்’ எண்டு எழுதுவிச்சியளே?

ஏரம்பு: பின்னை? நாரி முறிஞ்ச ஆம்பிளை எண்டு எழுதுவிக்கிறதோ?

தங்கமுத்து: பிள்ளை, ஒரு வடை எடுங்கோ...

வினிபிரட்: பொறுங்கோ அக்கா. மருந்து அடிக்காத மனுசன்ரை சலத்திலை எப்பிடி...

ஏரம்பு: சொன்னால் சிரிக்கக்கூடாது.

வினிபிரட்: சிரிக்கமாட்டன்.

ஏரம்பு: அண்டைக்கு நீர் படலையடியிலை காவல் நிக்கிறீர். நானும் வேலிக்கரையிலை போத்தலோடை நிண்டன்... நிண்டன்... ஒரு சொட்டு வரேல்லை! கடைசியிலை இவளிட்டைக் குடுத்து நிரப்புவிச்சனான்.

தங்கமுத்து: ஐயோ, மானம் போச்சு!

வினிபிரட்: பதினேழு... அக்காவின்ரையோ?

ஏரம்பு: ஓம்! இனிச் சொல்லும் பாப்பம், மெசின் பிழை விடாதெண்டு. இவளுக்கு எங்காலை மருந்து? ...என்னடி, வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கை போறாய்?

வினிபிரட்: அக்கா...

தங்கமுத்து: மெசினை ஏசாதேங்கோ. வெங்காயத் தறை முழுக்கக் கையாலை புடுங்க ஒருத்தியாலை ஏலுமே? நீங்கள் நாரிக்கு எண்ணெய் போடப் பரியாரியிட்டைப் போற நாளெல்லாம் நான்தான் தாங்கியை முதுகிலை கட்டினனான். சொன்னால் ரோசத்திலை நீங்கள் எழும்பிப் போய் அடிப்பியள் எண்டு சொல்லேல்லை. ...அது கிடக்கட்டும். பிள்ளை, ஆகக் கூட எண்டியள்... அதாலை எனக்கு என்ன வரும்?